மச்சம் இல்லாத முகம்

ஜனவரி 11

டேய்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப்போட்டேன். கடைசியில் இந்த ஒரு சொல்தான் சரியாக வந்தது. நன்றாக இருக்கிறாயா? சின்ன வயதில் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாயே, அந்த வலி இப்போதும் வருகிறதா?

நான் உன் அக்கா. கண்ணாடிக் கடையில் அதே வேலை, அதே நாற்காலி. கண்ணுக்குப் பவர் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்து, "உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்கு" என்று பொய் சொல்கிற வேலை.

போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். கட்டை மீசை, கறாரான பேச்சு. அவர் பர்ஸிலிருந்து ஒரு போட்டோ நழுவி என் மேஜைமேல் விழுந்தது. அவருடைய படம்தான். முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேர் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து நிற்கத் தோன்றியது.

"யார் எடுத்தது?" என்று கேட்டேன்.

"எங்க மீசை எடுத்தான். எங்களை மாதிரி ஆளுங்களை மட்டும்தான் எடுப்பான்."

"உங்களை மாதிரின்னா?"

"பொண்ணுன்னு பேர் வெச்சு வளத்தாங்க. நாங்க ஒத்துக்கலை. அவ்வளவுதான் கதை."

படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோ விலாசம் கையால் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கையைப் பிடித்து எழுதப் பழக்கியதே நான்தானே.

பதிலைக் கடை விலாசத்துக்கு எழுது. ஃபோன் வேண்டாம். என் ஃபோன் அடித்தால் அம்மாதான் முதலில் எடுப்பாள். அவளுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை.

பதில் வராவிட்டால் நேரில் வந்து காதைத் திருகுவேன்.

அக்கா


ஜனவரி 20

அக்கா,

அந்த "டேய்" இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே டயர்க் கடைக்காரர் வந்து "யாராவது போயிட்டாங்களா தம்பி?" என்று விசாரித்தார். "இல்லைண்ணே, ஒருத்தர் வந்திருக்காங்க" என்றேன். வயிற்றுவலி விட்டுவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பின வருஷமே விட்டுவிட்டது, பார்த்துக்கொள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா?

இங்கே எனக்குப் பேர் மீசை. ஆசையாக வைத்த பேர். நிஜத்தில் எண்ணிவிடலாம், அத்தனை முடிதான். டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே காற்று அடிக்கிற மெஷின் ஓடினால் கேமரா ஸ்டாண்ட் ஆடும். அவர்கள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் படம் எடுப்பேன்.

வருகிறவர்கள் என்னைப் போலத் திருநம்பிகள். ஆம்பளை மிடுக்கோடு வாழ்கிற பெண்களும் வருவார்கள். எதிலும் சேராமல் நிம்மதியாக இருக்கிறவர்களும் உண்டு. செக்யூரிட்டி வேலை பார்க்கிற ஒரு சிநேகிதம் இருக்கிறது. "ஆணா பெண்ணான்னு கேக்காத, ட்யூட்டியா லீவான்னு கேளு" என்று சொல்லும். யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டேன். ஆயுசு பூராவும் ஸ்டுடியோக்களில் "தலையைச் சாய்ம்மா, லேசா சிரிம்மா" என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்கள். கேமராவுக்குப் பக்கத்திலேயே ஆள் உயரக் கண்ணாடி வைத்திருக்கிறேன். அதில் தங்களைப் பார்த்துத் தாங்களே உட்காருவார்கள். இதுதான் நான் என்று தோன்றும்போது தலையசைப்பார்கள், அப்போது எடுப்பேன். தழும்பு, மச்சம் எதையும் அழிப்பதில்லை. எல்லாப் படத்தையும் காட்டுவேன். அவர்கள் வேண்டாம் என்றதைக் கண் எதிரிலேயே அழித்துவிடுவேன். ஒருத்தரைக் கேட்காமல் அவர் முகத்தைச் சுவரில் மாட்டுவது அவரைத் திருடுவது மாதிரி. தொழிலில் எனக்கு இருக்கிற ஒரே கண்டிப்பு அதுதான்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்பாளா? நான் எங்கே போனதாக ஊரில் சொல்லியிருக்கிறீர்கள்?

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் தம்பி


பிப்ரவரி 17

டேய் மீசை,

உடம்பு சுகம்தான். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன், தைலம்தான் தீர்கிறது. நீ கேட்ட கேள்விக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஓடிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ செத்துவிட்டாய்.

வெளியூர் போன இடத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஏனம்மா இப்படி என்று சண்டை போட்டேன். "ஓடிப்போச்சுன்னா எங்கே, யார்கூடன்னு கேப்பாங்க. செத்துப்போச்சுன்னா வாயை மூடிக்குவாங்க" என்றாள். அவள் சொன்ன மாதிரியே எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

ஹாலில் கறுப்புச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் அம்மா ஈரத் துணியோடு வந்து கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்துவிட்டு அதோடு பேசுவாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, எதிர்வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். என்னிடம் சொல்லாத விஷயமெல்லாம் அந்தப் படத்துக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாயே.

தைரியமாக இரு.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

செத்தவன் எழுதுகிறேன். இங்கே சௌகரியம்தான். வாடகை, மின்சாரம், ஜலதோஷம் எல்லாம் இருக்கிறது.

வேடிக்கையாக எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை. நேற்று தெருவில் யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள். நான் இருக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நொடி ஆச்சரியமாக இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அது எந்தப் படம்? விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு படத்திலும் நின்றதில்லையே. கேமராவைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவேன். பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தைக்கூட நானே சுரண்டிவிட்டேன். பின்னே அம்மாவுக்கு எது கிடைத்தது? எந்த வயது? முடி எப்படி இருக்கிறது? உடனே எழுது.

அம்மாவை மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல். யார் சொன்னதென்று சொல்ல வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 3

டேய்,

ஜலதோஷம் போயிற்றா? எனக்குக் கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை, அதான் தாமதம். எந்தப் படமாக இருந்தால் என்ன? பழைய படம். பெரிதாக்கியது. விடு.

இங்கே ஒரு கூத்து நடந்தது. இந்த வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேண்டாம் என்றால் அம்மா கேட்டால்தானே. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தாள். "பாவம், சின்னவ இருந்திருந்தா இன்னிக்கே கையோட பேசி முடிச்சிருப்போம். என்ன களை!" என்றாள். நான் சிரித்தேன் பார், அடக்கவே முடியவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடிப் போனேன். பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லை போல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண்ணுக்குக் கண்ணாடி போட்டோம். முதல் கண்ணாடி. மாட்டிவிட்டு "இப்ப நல்லா தெரியுதா கண்ணு?" என்றேன். என் முகத்தையே பார்த்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். "செத்துப்போன அக்கா இங்க உக்காந்திருக்காங்க" என்றாள். முதலாளி பவர் தப்பு என்று சொல்லி டாக்டரிடம் திருப்பி அனுப்பினார்.

வெயில் கொளுத்துகிறது. நிறையத் தண்ணீர் குடி.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

உன் கடிதம் கண்டேன். உடம்பு பரவாயில்லை, மனசுதான் படுத்துகிறது. குழந்தை குழம்பியிருக்கும், நமக்கு ஒரே ஜாடைதானே.

டிரைவர் அண்ணன் முந்தாநாள் வந்தார். "ஊரையெல்லாம் எடுக்கறியே, உன்னை எப்ப எடுக்கறது?" என்று கேட்டார். அவர் போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரையும் உட்காரவைக்கிற அதே நாற்காலி, அதே கண்ணாடி. அவள் வந்துவிட்டாள், அக்கா. உங்கள் ஹாலில் தொங்குகிறவள். எப்படி இருப்பாள் என்று நீ சொல்லாததால் நானாகவே அவளுக்கு ஒரு முகம் வைத்திருக்கிறேன். தலையைச் சாய்த்து, யாரோ சிரிக்கச் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு, என் முகத்துக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கிறாள். கண்ணாடிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டேன். பகலிலேயே இப்படி இருக்கிறது.

எனக்காக ஒன்று செய். அந்தப் பாழாய்ப்போன முகத்தைக் கழற்றிக் கிழித்து அடுப்பில் போடு. அசட்டுச் சிரிப்பும் பேய் முழியுமாக அது எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். அந்த மூஞ்சி அங்கே இருக்கிறவரை எனக்கு மூஞ்சி கிடையாது. அப்படி ஒருத்தி உலகத்தில் இருந்ததற்கே அடையாளம் இருக்கக்கூடாது. என்மேல் பாசம் இருந்தால் செய்.

தம்பி


மே 29

அக்கா,

பதில் இல்லையே. உனக்கு உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கு ஏதாவதா? கடிதம் அம்மா கையில் கிடைத்துவிட்டதா? கிழித்ததில் வீட்டில் ரகளையா?

டிரைவர் அண்ணனிடம் கடைப்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்காங்க. ஆனா என் கண்ணைப் பாக்காம பேசினாங்க" என்றார். நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன்? ஒரு வரி போடு.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. படத்தைக் கிழிக்கவில்லை. அது என் முகம்.

நீ போன பிறகு உன் படம் ஒன்றுக்காக அம்மா வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். நீதான் ஓடி ஒளிகிறவனாயிற்றே. எல்லாப் படத்திலும் ஒரு முழங்கை, ஒரு முதுகு, பாதிக் காது. முகம் என்று ஒன்று கிடைக்கவில்லை. என் முதல் வேலைக்காக நான் எடுத்துக்கொண்ட படம் பெட்டியில் இருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினாள். கன்னத்து மச்சத்தை எடுத்துவிடச் சொன்னாள். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்த்தேன். நான் செத்து ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஜாடைதானே, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தப் படம் எடுத்த பிறகு எனக்கு உடம்பு போட்டது, முடியை வெட்டினேன், கண்ணாடி மாட்டினேன், அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் படத்தைப் பார்த்து அழுதார்கள். பெண் பார்க்க வந்தவள் என்னை வேண்டாம் என்றது படத்தில் இருந்த எனக்காகத்தான். கண்டுபிடித்தது அந்தக் குழந்தை ஒன்றுதான், அதற்கும் பவரை மாற்றிவிட்டோம். அம்மாவுக்கே இப்போது மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி போடாமல் ஹாலுக்கு வந்தால் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறாள். செத்தவள் நடந்து வருவதாக நினைக்கிறாள். அவள் பயந்து பயந்து, எனக்கே இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. கடை முழுக்கக் கண்ணாடி. நான் ஒன்றையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அசட்டுச் சிரிப்பு என்று எழுதினாய். பேய் முழி என்று எழுதினாய். அன்றைக்கு முதல் சம்பளத்தை நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. எனக்கு ரொம்ப வலித்தது தம்பி. அதனால்தான் எழுதவில்லை.

அக்கா


ஜூன் 25

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நான் ஒரு மடையன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், கேட்காமல் மாட்டாதே, கேட்காமல் அழிக்காதே என்று. உன் முகத்தை உன்னைக் கேட்காமல் அம்மா மாட்டினாள். நான் உன்னைக் கேட்காமல் எரிக்கச் சொன்னேன். அதுவும் உன்னிடமே. அந்தக் கடிதத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான்.

இப்போது கேட்கிறேன். என் நாற்காலியில் வந்து உட்காருகிற எல்லோரையும் கேட்கிற மாதிரியே கேட்கிறேன். அந்தப் படத்தை என்ன செய்யலாம்? இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். உன் முகம், நீ சொல்வதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை மடித்துவைத்த பிறகு ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் நான் பெண்ணாக நிற்கிற ஒரு படம்கூட இல்லை. இத்தனை நாளும் நான் யாரைக் கண்டு பயந்தேன்?

தம்பி


ஜூலை 8

டேய் மடையா,

சோறு இறங்கவில்லை என்று எனக்கு எழுதினால் நான் என்ன ஊட்டியா விடமுடியும்? ஒழுங்காகச் சாப்பிடு. கோபம் தீரவில்லை, நேரில் வந்து நாலு போட்டால்தான் தீரும். ஆனால் நீ கேட்டாய். என் வாழ்க்கையில் அதைப் பற்றி என்னை ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. கடையில் வாடிக்கையாளர் எதிரிலேயே அழுதுவிட்டேன். புது லென்ஸ் கரைசல் கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

கிழிக்கமாட்டேன். எடுத்து என் அலமாரியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். உயிரோடு இருக்கிறவள் படம் அது.

ஆனால் வெறும் ஆணியை அம்மா தாங்கமாட்டாள். அங்கே ஒன்று இருக்க வேண்டும். உன் படத்தை அனுப்பு. நீ எடுத்து, நீ சரி என்று சொன்னதை. கறுப்புச் சட்டம் இல்லாமல். நன்றாக யோசித்துக்கொள். மாட்டினால் நீ இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அம்மா பொய் சொன்னதும் தெரிந்துவிடும். அவள் என்ன செய்வாள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் சொல்வாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் செய்யத் தயார். நீ வேண்டாம் என்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

அக்கா


ஜூலை 30

அக்கா,

முழங்கால் தேவலையா? இதோடு என் படம் வைத்திருக்கிறேன். மடங்காமல் பார்த்துப் பிரி.

டிரைவர் அண்ணன்தான் பொத்தானை அழுத்தினார். கியர் போடுகிற கை, முதல் அழுத்தலில் ஸ்டாண்டையே சாய்த்துவிட்டார். "தலையைச் சாய்க்காத தம்பி, வண்டி ஓட்டற மாதிரி நேரா பாரு" என்று அதட்டினார். செக்யூரிட்டி கீழே போய் டயர்க் கடை மெஷினை நிறுத்திவைத்துக் காவல் நின்றது. கண்ணாடிமேல் கிடந்த துணியை நானே எடுத்தேன். காத்திருந்தேன். அவள் வரவில்லை. என் மூக்கு உன் மூக்கு என்பது மட்டும் தெரிந்தது. தலையசைத்தேன்.

இதை ஹாலில் மாட்டச் சம்மதிக்கிறேன். ஒரே ஒரு பயம். அம்மா இதையும் துடைத்துவிட்டுச் செத்தவனோடு பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிடுவாளோ? அப்படி நடந்தால் உடனே கழற்றிவிடு. இன்னொரு தடவை சாக எனக்குத் தெம்பில்லை.

ஜாக்கிரதையாக இரு.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. எனக்கு முழங்கால் வலி இல்லை, அதை நினைக்க நேரம் இல்லை.

அம்மா குளிக்கப் போனபோது நாற்காலி போட்டு ஏறி மாற்றினேன். வந்து பார்த்தாள். "யாருடி இது?" என்றாள். "உன் பையன்" என்றேன். "அவ எங்க?" என்றாள். "எவம்மா? நான் இங்கதான் நிக்கறேன்" என்றேன். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் தட்டு வைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

நீ பயந்தது நடக்கவில்லை. சாயங்காலம் ஈரத் துணியோடு வந்தாள். உன் படத்தைத் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் நகர்ந்து நின்று வெறும் சுவரைத் துடைத்தாள். சுவரிடம் மெதுவாகப் பேசினாள். செத்தவளிடம் பேச அவளுக்கு எத்தனையோ இருந்தது, உயிரோடு இருக்கிறவனிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தினமும் இப்படித்தான் நடக்கிறது. சுண்ணாம்பு ஈரத்தில் ஊறி, ஓர் ஆள் தலை அளவுக்குக் கறை பிடித்துவிட்டது. அதைப் பார்க்கவே எனக்கு என்னவோ போலிருக்கிறது. இந்த வீட்டில் பிறக்காத ஒருத்தி இன்னும் இருக்கிறாள், தம்பி. அவளை என்னால் கழற்ற முடியவில்லை.

நேற்று எதிர்வீட்டுக்காரி வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்று, "இந்தப் பையன் யாரு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"இவ தம்பி."

"உங்களுக்கு ஏதுங்க பையன்?"

"அதான் சொன்னேனே, இவ தம்பின்னு. காது கேக்கலையா?"

"சின்னவ படம் இங்கதானே இருந்துச்சு?"

அம்மா ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் பொய் சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சின்னவ இல்லை. அது இவ படம்" என்றாள். "உயிரோட இருக்கறவ படம். நான்தான் இவளைக் கேக்காம மாட்டிட்டேன்."

எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போய்விட்டாள். இந்நேரம் தெரு பூராவும் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் முகம் கழுவியிருந்தேன், கண்ணாடி போடவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடுக்கிடவில்லை. பிறகு எழுந்து வந்து, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி, என் முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

அக்கா